வாசிக்காதவை பூச்சியம்

தேத்தண்ணிக்குச் சீனி போதுமோ தெரியவில்லை, கொன்ஸ்ரன்ஸ். இந்த வீட்டில் குடிக்கிறவள் நான் ஒருத்திதான், அதனால் மற்றவர்களுக்கு எவ்வளவு போடுவது என்பது மறந்துபோயிற்று. நீங்கள் கொண்டுவந்த பூக்களை வாளித் தண்ணீரில் வைத்திருக்கிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு இந்த வெயிலில் பஸ்ஸில் வந்தும் ஒரு இதழ்கூட வாடவில்லை, நல்ல பூ. உள் அறையில் கேட்கிற டிக் டிக் சத்தத்தைப் பொருட்படுத்தாதீர்கள். எனக்கு அது இப்போது காதில் விழுவதேயில்லை.

உள்ளே திரைச்சீலையை விலக்கிப் பார்த்தீர்கள். பிறகு ஏன் என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு நீங்களே கதிரையில் இருந்துவிட்டீர்கள். சொல்கிறேன், ஆனால் நடுவிலிருந்து சொன்னால் விளங்காது. நான் பம்பலப்பிட்டியில் ஒரு கம்பனியின் ஹெல்ப் டெஸ்க்கில் வேலை செய்தவள். "மிஸ், ஒண்டும் வேலை செய்யுதில்லை" என்று ஆட்கள் போனில் கத்துவார்கள். "எல்லாம் ஒரேயடியாப் பழுதாகாது, முதல்ல எது நிண்டது எண்டு சொல்லுங்கோ" என்பேன். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

என் புருஷன் ஹியூபேட்டுக்கு முதலில் நின்றது கால். பிறகு கை, பிறகு வாய். களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வியாதியின் பெயரைச் சொன்னார்கள். உங்கள் அண்ணன் பிறெடிக்கும் அதே வியாதிதான், அதனால் உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உடம்பு துண்டு துண்டாகக் கைவிட்டுப் போகும், புத்தி மட்டும் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும். கொழும்பின் காலி வீதி முழுக்கக் கதைத்தே சாமான் விற்ற மனிதர் அவர். வேலை முடிந்து வந்தால், நான் சமைத்து முடிக்கும்வரை குசினி வாசலில் நின்று அன்றைய கதை எல்லாவற்றையும் சொல்லித்தான் ஓய்வார். அந்தக் கதை முழுவதும் கடைசியில் வலக்கைச் சுட்டுவிரலுக்குள் போய் அடைபட்டது. மிஞ்சியது அந்த விரல்தான்.

அந்த விரலுக்கு வேலை தேடிக் கொடுத்தவளும் நான்தான். அதை நீங்கள் மறக்கக்கூடாது. இந்தக் காலத்துப் போன், டப் எல்லாம் தொட்டு இழுத்து விரித்துப் பார்க்கிற சாமான், அவருக்கு அவை உதவவில்லை. தேடு தேடென்று தேடி, இந்த வியாதிக்காரர்களின் பழைய செய்திக்குழுவைக் கண்டுபிடித்தேன். படமில்லை, வீடியோ இல்லை, வெறும் தமிழ் எழுத்து. ஒருவர் எழுதுவார், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ இன்னொருவர் பதில் போடுவார். அதை வாசிக்கிற ரீடர் புரோகிராம் பழங்காலத்தது, ஆனால் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. ஸ்பேஸ் பாரை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் போதும், வாசிக்காத செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். விரலுக்கு அடியில் ஒரு சுவிட்சை வைத்து அதை ஸ்பேஸ் பார் ஆக்கினேன். எழுதுவதென்றால் திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டு போகும், வேண்டியது வரும்போது ஒரு டிக். ஒரு வசனம் முடிக்க அரைக் காலைப்பொழுது போய்விடும். ஆனாலும் எழுதினார். பிறெடியின் கொட்டாஞ்சேனைப் பகிடிகளை வாசித்துவிட்டு, உடம்பு அசையாமல் கண்ணால் சிரிப்பார். எனக்கும் அப்போது உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

முதலாவதாக நான் மறைத்தது உங்களுடைய செய்தியைத்தான். "என்ர அண்ணா பிறெடி இண்டைக்குக் காலமை போயிட்டார்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவர் எழும்புமுன் நான் அதைப் பார்த்துவிட்டேன். இதை வாசித்தால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று நினைத்து, அந்தத் தலைப்பில் வருகிற எதுவும் கண்ணில் படாதபடி ஒரு பில்டர் போட்டேன். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அதற்குப் பிறகு குழுவில் யார் செத்தாலும் அதற்கும் ஒரு பில்டர் போடுவேன், அந்தச் செய்தி இவரிடம் வராது.

ஆனால் அந்த ரீடருக்கு ஒரு குறை இருக்கிறது. செய்தியை மறைக்கும், எண்ணை மறைக்காது. குழுவின் பெயருக்குப் பக்கத்தில் வாசிக்காதவை எத்தனை என்று தடித்த எழுத்தில் ஒரு எண் நிற்கும், மறைத்தவற்றையும் அது சேர்த்து எண்ணிவிடும். ஹியூபேட் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் எனக்கு எழுதிக் காட்டினார்: "உஷாந்தி, வாசிக்காதது ரெண்டு எண்டு காட்டுது. அமத்தினா ஒண்டும் வருதில்லை."

"சேர்வர் பழசு ஹியூ. எண் பிழையாக் காட்டும்" என்றேன்.

நம்பினார். ஹெல்ப் டெஸ்க்கில் இருந்த மனிசி சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? பிறெடி ஏன் பதில் போடவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டே இருந்தார். தன் பகிடி ஏதோ மனதைப் புண்படுத்திவிட்டதாக்கும் என்று நினைத்து, "மச்சான், கோவிக்காதை" என்று ஒரு காலை முழுவதும் இருந்து பிறெடிக்குத் தனியாக எழுதி அனுப்பினார். அதைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

பிறகு அவர் எழுதிய ஒரு செய்திதான் எல்லாவற்றையும் கெடுத்தது. உங்களுக்கு அது நினைவிருக்கும். "என்ர மனிசிக்கு ஒரு நாள் முழுக்க நித்திரை வேணும். கொழும்பில ஆராவது இருந்தா, ஒரு சனிக்கிழமை வந்து எனக்குப் பக்கத்தில இருங்கோ." இரண்டு நாளாக எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்து அவர் எழுதுவதெல்லாம் தண்ணி, திருப்பு, லைற்றை நிப்பாட்டு, அவ்வளவுதான். ஊருக்கு மட்டும் என் களைப்பைப் பற்றி எழுதுகிறார். நான் களைத்துப்போனேன் என்று எப்போதாவது சொன்னேனா? இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறவள் நான். வாயில் ஊறுகிற எச்சிலைத் துடைக்கிறவள் நான். அந்த வசனத்தை வாசித்தபோது என்னை யாரோ வேலையை விட்டு நிறுத்தியது போல இருந்தது. எனக்குக் கடும் கோபம் வந்தது, அதை ஒளிக்கத் தேவையில்லை.

பதில்கள் வரத் தொடங்கின. நீங்கள்தான் முதல். "நான் கொட்டாஞ்சேனைதான் அண்ணா, வாற சனி வாறன், அக்கா நல்லா நித்திரை கொள்ளட்டும்." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவருக்குப் பில்டர் போடத் தெரியாது. அந்தத் தலைப்பில் வந்த பதில் முழுவதையும் மறைத்தேன். நீங்கள் வரத் தேவையில்லை, ஆள் ஒழுங்குபண்ணியாயிற்று என்று அவருடைய பெயரிலேயே ஒரு வரி உங்களுக்கும் அனுப்பினேன்.

எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவர் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அமத்துவார், ஒன்றும் வராது, மறுபடியும் அமத்துவார். "ஒருக்காப் பாரன்" என்று எழுதுவார். நானும் பார்ப்பேன். கொம்பியூட்டரை நிறுத்திப் போடுவேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் புரோகிராமை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், பிறகு பில்டரையும் திரும்பப் போட்டேன். வேலை என்று வந்தால் நான் ஒழுங்காகச் செய்கிறவள். கடைசியில் அவரே எழுதினார்: "விடு. நீ களைச்சுப்போவாய். ஒருத்தரும் வரமாட்டினம் போல."

"நான் இருக்கிறன்தானே" என்றேன். அவர் வாய் நின்ற நாளிலிருந்து நான் சொல்லிவந்த வார்த்தை அது. நித்திரைக்கு முன்னும் சொல்லுவேன், அவர் அழுதாலும் சொல்லுவேன். ஒருமுறைகூட அதற்குப் பதில் எழுதவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். நீங்கள் விடவில்லை, கொன்ஸ்ரன்ஸ். "அந்த ஒரு வரிக்குப் பிறகு அண்ணாட்ட இருந்து ஒண்டும் இல்லை, எனக்குப் பயமா இருக்கு, கோயில்ல விசாரிச்சு விலாசம் எடுத்திட்டன்" என்று எழுதினீர்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அதனால் நான் என் பெயரில் குழுவுக்கு எழுதினேன்: ஹியூபேட் அமைதியாகக் கண்ணை மூடினார், அடக்கம் குடும்பத்தோடு முடிந்தது, யாரும் சிரமப்பட்டு வரவேண்டாம். அதைப் பொய் என்று சொல்லாதீர்கள். இந்த வியாதியில் என்றைக்கோ எழுதவேண்டிய செய்திதான் அது. நான் கொஞ்சம் முந்தி எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. சந்திக் கடை முதலாளியிடம் சிங்களத்தில் "மளகெதர கொஹெத", செத்தவீடு எங்கே என்று கேட்டீர்களாம், அவர் எனக்குப் போன் பண்ணிச் சிரித்தார். எந்தச் செத்தவீடு மிஸ், நம்மட ஒழுங்கையில ஒரு வெள்ளைக்கொடிகூடக் கட்டயில்லையே என்றார். படத்துக்கு வைக்கப் பூ கொண்டுவந்த இடத்தில், ஹியூபேட்டின் கண்கள் உங்களைத் திரும்பிப் பார்த்தால் யாரும் கதிரையைத்தான் தேடுவார்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

இனி மிச்சத்தையும் கேளுங்கள். நான் எழுதிய செய்திக்கு அனுதாபங்கள் வந்து குவிந்தன. எல்லாம் பில்டருக்குள். எண் ஒரே நாளில் மளமளவென்று ஏறியது. அதைப் பார்த்த ஹியூபேட்டின் கண்ணில் தண்ணீர். "எல்லாரும் வந்திட்டினம்" என்று எழுதினார். பிறகு மத்தியானம் வரை இருந்து இன்னொரு வரி: "உஷாந்தி, எப்பிடியாவது திறந்து தா. இனி ஒண்டும் கேக்கமாட்டன்."

கேட்டவர் என் புருஷன். நான் பில்டரை எடுத்துவிட்டேன். தலையணையை உயர்த்தி, வாய்க்குத் தண்ணீர் விட்டு, விரலைச் சுவிட்சில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

வாசிக்காதவை பழையதிலிருந்து புதியதுக்கு வரும். முதலாவது டிக்குக்கு உங்கள் அண்ணன் செத்தார். பிறகு குழுவில் போன மற்றவர்கள். பிறகு "வாற சனி வாறன்" என்ற உங்கள் பதில், அதைப் போல இன்னும் பல. பிறகு ஏன் அண்ணா பேசுகிறீர்கள் இல்லை என்ற கேள்விகள். பிறகு நான் எழுதியது. அதில் நீண்ட நேரம் நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். பிறகு மறுபடியும் டிக். நல்ல மனிதர், பகிடிக்காரர், அந்த அக்காவுக்கு ஆண்டவர் ஆறுதல் கொடுக்கட்டும். ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் வாசித்தார். கடைசியில் குழுவின் பெயருக்குப் பக்கத்தில் எண் இல்லாமல் போனது. அவ்வளவு காலமும் அவரை வதைத்த பழுது அன்றைக்குத் தீர்ந்தது.

அதற்குப் பிறகு குழுவுக்கு எழுதத் தொடங்கினார். எழுதி அனுப்பினார், திரும்பி வந்தது. குழுவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும், செத்தவருடைய பெயரை யாரும் பாவிக்காதபடி மரியாதைக்காகப் பூட்டிவிடுவார்கள். பிறெடியின் பெயரையும் பூட்டினார்கள். "உஷாந்தி, போகுதில்லை" என்று எனக்குக் காட்டினார். "அது சேர்வரில, ஹியூ. என்ர கையில ஒண்டுமில்லை" என்றேன். பாருங்கள், அவருக்கு நான் சொன்ன பதில்களில் அதுதான் முழு உண்மை.

போனைக் கையில் எடுத்துவிட்டீர்கள். எடுங்கள். குழுவுக்கு எழுதுவீர்களோ பொலிசுக்குச் சொல்லுவீர்களோ, நான் தடுக்கமாட்டேன். முதலில் உள்ளே போய் அந்தத் திரையைப் பாருங்கள். வந்ததிலிருந்து நீங்கள் கேட்கிற டிக் டிக் அதுதான். "நான் இருக்கிறன்" என்று எழுதுகிறார். அனுப்புகிறார், திரும்பி வருகிறது, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறார். அது எங்கும் போகாது, வாசிக்க நான் மட்டும்தான் இருக்கிறேன். எத்தனை வருசமாக நான் அவருக்குச் சொன்ன வார்த்தை அது, கொன்ஸ்ரன்ஸ். இப்போதுதான் எனக்குப் பதில் சொல்கிறார்.