உன் செல்லு, என் உடம்பு

— சிரிச்சாங்களா? உடம்பு பூரா இப்படிச் சிவந்து கிடக்கு, இதைப் பார்த்து டாக்டர் சிரிச்சாங்களா?

— விழுந்து விழுந்து எல்லாம் சிரிக்கலடா. முகக்கவசம் போட்டிருந்தாங்க, கண்ணு மட்டும் சுருங்குச்சு. எனக்கு அது சிரிப்பாத்தான் தெரிஞ்சுது.

— எனக்கு ஒண்ணும் புரியலக்கா. மாமா போன்ல சொன்னது வேற. "உன் செல்லு உங்க அக்காவைப் போட்டு அடிக்குது, உடனே கிளம்பி வா"ன்னார். நான் லிப்ட் குழியில நின்னு கம்பிக்கு கிரீஸ் தடவிக்கிட்டிருந்தேன். கையைத் துடைச்சதுகூட பஸ்ல ஏறின பிறகுதான்.

— வேலையைப் பாதியில விட்டுட்டா வந்தே? உள்ள யாராவது மாட்டிக்கிட்டிருந்தா?

— காலி லிப்ட்தான். கூட இருந்தவன் பார்த்துப்பான். அதை விடு, கையைக் காட்டு.

— கிட்ட வராதே. தரையில மஞ்சள் டேப் ஒட்டியிருக்கு பாரு, உன் நாற்காலி அதுக்கு அந்தப் பக்கம்தான். நீ தாண்டினா திட்டு எனக்குத்தான் விழும்.

— அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்க்கிறேன், அதுவும் கோடு போட்டு.

— ஏழு மாசம் முன்னாடி வந்தியே, இதே கட்டடத்துக்கு. ரெண்டு மாடி கீழே நாலு மணி நேரம் மிஷின்ல படுத்து, உன் ரத்தத்துலேர்ந்து எனக்குச் செல் எடுத்துக் கொடுத்தே. மேல ஏறி வந்து ஒரு எட்டு எட்டிப் பார்க்காமப் போனியே, அன்னிக்கு யாருடா கோடு போட்டா?

— அன்னிக்கு லிப்ட் வேலை செய்யலை.

— லிப்ட் மெக்கானிக் சொல்ற சாக்கா இது?

— இன்னிக்கும் சரியில்லை. இந்த மாடியில நிக்கும்போது ஒரு விரக்கடை கீழயே நிக்குது. ஸ்ட்ரெச்சர் சக்கரம் தட்டும். போகும்போது சொல்லிட்டுப் போறேன்.

— சொல்லு. ராத்திரியெல்லாம் அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் படுத்திருக்கேன்.

— அக்கா, பேச்சை மாத்தாதே. என் செல்லு ஏன் உன்னை அடிக்குது? பத்துக்குப் பத்து பொருந்துதுன்னுதானே சொன்னாங்க. உன் ரத்தத்துல இருந்த புற்றுநோயை மருந்து கொடுத்து ஒழிச்சு, உள்ள காலி பண்ணி, அந்த இடத்துல என்னுதைப் போட்டா எல்லாம் சரியாயிடும்னாங்க. அப்படித்தானே எங்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க?

— முக்கியமான இடத்துல எல்லாம் பொருந்துச்சு. மத்தபடி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். என் மூக்கும் உன் மூக்கும் ஒண்ணாவா இருக்கு?

— மூக்கு வேற மாதிரி இருந்தா அதுக்காக அடிக்குமா?

— டாக்டர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன். தப்பு இருந்தா என்னைக் கேட்காதே. உன் செல் தூரத்துல நின்னுக்கிட்டு யாரையும் அடிக்காதாம். என் செல் ஒவ்வொண்ணுகிட்டயும் போகும், ஒட்டும். நாம சின்ன வயசுல பஸ் கண்ணாடியில கன்னத்தை அழுத்திக்கிட்டு வருவோமே, அப்படி அழுத்திக்கும்.

— அழுத்தி?

— எல்லாச் செல்லும் தனக்குள்ள என்ன இருக்குன்னு துணுக்குத் துணுக்கா வெளியில மாட்டி வச்சிருக்குமாம். உன் செல் அதை ஒண்ணொண்ணாப் படிக்கும். நான் அச்சகத்துல எழுத்துக்கு எழுத்துப் பிழை பார்க்கிறேன்ல, அந்த மாதிரி. தெரிஞ்ச துணுக்கா இருந்தா விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். தெரியாததா இருந்தா அங்கேயே நின்னுடும்.

— எதை வச்சுப் படிக்கும்? கண்ணா இருக்கு அதுக்கு?

— ஏற்பின்னு ஒண்ணு. செல்லு மேல நீட்டிக்கிட்டிருக்கிற விரல்னு வச்சுக்கோ. வெளியில தொட்டதை உள்ள போய்ச் சொல்லும்.

— கதவு காண்டாக்ட்.

— அது என்ன?

— லிப்ட் கதவு முழுசா மூடினாத்தான் ரெண்டு தகடும் ஒண்ணையொண்ணு தொடும். தொட்டாத்தான் மேல கன்ட்ரோலுக்குச் சேதி போகும். நூலளவு இடைவெளி இருந்தாலும் லிப்ட் அசையாது.

— டாக்டரும் இடைவெளியைத்தான் சொன்னாங்க. உன் செல்லு மேல நெட்டை நெட்டையா ஒரு புரதம் நிக்குமாம். ஏற்பி ஏதாவது சொல்ல வாயெடுத்தா அது உடனே அழிச்சுடும். ஆனா ரெண்டு செல்லும் நெருங்கி ஒட்டுற இடத்துல அந்த நெட்டைக்கு நிக்க இடம் பத்தாது. பிதுங்கி வெளியே போயிடும். அது போன பிறகுதான் ஏற்பி பேசவே ஆரம்பிக்குமாம்.

— சரி, பேசியாச்சு. உடனே அடி, அப்படித்தானே?

— இல்லையே. நான் குழம்பினதே அங்கேதான். அதே ஒட்டுற இடத்துக்கு "வேண்டாம், விடு"ன்னு சொல்ற வேற ஏற்பியும் வந்து சேரும். பேசறதுக்குப் பக்கத்துலயே உக்காந்து அதை அமத்தும். ரெண்டுல எது சத்தமாக் கேட்குதோ, செல் அதுபடி நடக்கும்.

— பிரேக்.

— அந்த வார்த்தையைத்தான் அவங்களும் சொன்னாங்க.

— எந்த மாதிரி பிரேக்? லிப்ட்ல பிரேக் எப்பவும் பிடிச்சே இருக்கும்க்கா. கரண்ட் வந்துதான் அதை விடுவிக்கும். அதனாலதான் கரண்ட் போனாலும் லிப்ட் விழாது. சைக்கிள்ல நாம அழுத்தினாத்தான் பிடிக்கும். செல்லுல எது?

— ரெண்டும் இருக்கும் போலிருக்கு. எனக்கெங்கே தெரியும்? டாக்டரே பாதி விஷயம் இன்னும் யாருக்கும் தெரியாதுன்னாங்க.

— தெரியாமத்தான் உள்ள ஏத்தினாங்களா?

— கத்தாதே. பக்கத்து ரூம்ல இருக்கிறவருக்கு இப்பத்தான் தூக்கம் வந்திருக்கும்.

— ஏழு மாசமா அந்தச் செல் சும்மாத்தானே இருந்துச்சு? இவ்வளவு நாள் உன்னைத் தடவிப் பார்த்துட்டுப் பேசாமப் போனது, இப்ப மட்டும் ஏன் முறைச்சுக்குது?

— எனக்கு வாய் கொப்பளிக்கிற நேரமாச்சு.

— அம்மா, கொப்பளிக்கிறதுக்கு முன்னாடி சூடு பார்த்துடறேன். கையைத் தூக்குங்க. இவர் யாரு?

— என் தம்பி, சிஸ்டர். செல் கொடுத்தவன்.

— அந்தத் தம்பியா? உங்களை எங்க எல்லாருக்கும் நல்லாத் தெரியும். முதல் மாசம் உங்க அக்கா ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினோம், ஆண்னு ரிப்போர்ட் வந்துச்சு. அங்கே புதுசா வந்த பையன் ரெண்டு தடவை போன் பண்ணி, பாட்டில் மாறிடுச்சான்னு கேட்டான்.

— ஆணா? எங்க அக்காவா?

— ரத்தம் உங்களுதுதானே. அவ்வளவுதான். அம்மா, சூடு நூறு. அப்பப்ப வாயில ஐஸ் வச்சுக்குங்க.

— சிஸ்டர், ஒரு நிமிஷம். இந்தச் செல்லை அடக்கறதுக்கு ஒரு மாத்திரை உண்டுன்னு மாமா சொல்லியிருக்கார். அதைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கக் கூடாதா?

— கூட்டறதா? மூணு வாரமா குறைச்சுக்கிட்டே வந்தோம், நேத்தோட முடிஞ்சுது. ஏம்மா, தம்பிகிட்ட நீங்க இன்னும் சொல்லலையா? சரி, நான் அடுத்த ரூம் பார்த்துட்டு வர்றேன். அவ்வளவுதான்.

— அக்கா. அந்தம்மா என்ன சொல்லிட்டுப் போறாங்க?

— காதுல விழுந்துச்சுல்ல.

— மாத்திரையை நிறுத்திட்டாங்களா? அடிக்குதுன்னு தெரிஞ்சும் பிரேக்கைக் கழட்டிட்டாங்களா?

— அது பிரேக் இல்லை, ஒயர். ஏற்பி தொட்டுப் பார்த்த சேதி உள்ள போகுதுல்ல, அந்த ஒயரைத்தான் மாத்திரை அறுத்து வச்சிருந்துச்சு. உன் செல் தொடும், பார்க்கும், ஆனா உள்ள யாருக்கும் கேட்காது. இப்ப ஒயரை ஒட்டி விட்டுட்டாங்க.

— யாரைக் கேட்டு ஒட்டினாங்க? எங்க கம்பெனியில எவனாவது ஆள் ஏறியிருக்கும்போது இப்படி ஒரு வேலை பண்ணினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. டாக்டர் ரூம் எங்கே இருக்கு?

— உட்காரு.

— நீ சும்மா இரு. நான் கேட்டுட்டு வர்றேன்.

— உட்காருடா. நாக்கு பூரா புண்ணு. என்னைக் கத்த வைக்காதே.

— சரி, உட்கார்ந்துட்டேன். ஏன் நிறுத்தினாங்கன்னு நீயாவது சொல்லு.

— அவங்களுக்கு ஒரு காரணம் இருக்கும்.

— அந்தக் காரணத்தை நீ கேட்காமலா இருப்பே? எங்கே தப்பைப் பார்த்தாலும் சிவப்பு மையால சுழிக்காம உன் கை நிக்காது. எதையும் மறைக்கவும் வராது. எனக்குப் பார்த்த அந்தப் பொண்ணு வீட்டுல போய் எதை மறைச்சே? பன்னிரண்டு வயசு வரைக்கும் எனக்கு வலிப்பு வந்ததை, எந்தெந்த வருஷம் எத்தனை தடவைன்னு கணக்குப் போட்டுச் சொன்னே. அதோட அந்தச் சம்பந்தமே நின்னுபோச்சு.

— கேட்டாங்க. சொன்னேன்.

— அவங்க கேட்டது, "பையனுக்கு உடம்பு நல்லா இருக்கா"ன்னு. நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா அது பொய்யா? வலிப்பு நின்னு பதினஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு.

— பொய் இல்லை. அன்னிக்கு எனக்குப் பொய்யாத் தெரிஞ்சுது. நாளைக்கு எப்பவாவது வந்துட்டா அந்தப் பொண்ணு என்னைத்தானே கேட்கும்னு நினைச்சேன். உன்னைக் கேட்டுட்டுப் பேசணும்னு மட்டும் தோணலை. தப்பு என்னுதுதான்.

— இதை அஞ்சு வருஷத்துல ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

— நீ போனை எடுத்திருக்கலாம்.

— அக்கா, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது.

— இந்த வாயை வச்சுக்கிட்டு எங்கே சிரிக்கிறது? கேளு.

— அன்னிக்கு மிஷின்ல படுத்திருந்தப்ப நான் உன்மேல கோபமாத்தான் இருந்தேன். நாலு மணி நேரமும். ஒரு கையில ரத்தம் வெளியே போகுது, இன்னொரு கையில திரும்பி வருது, எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அந்த வீட்டு வாசல்தான். அதுவும் கூடச் சேர்ந்து வந்துடுச்சோ?

— எதுடா?

— கோபம். செல்லைப் பிடிச்சு வச்ச அந்தப் பையில.

— செல்லுக்கு ஏதுடா கோபம்? அதுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது.

— அது எனக்கும் தெரியும். நானும் பத்தாவது வரைக்கும் அறிவியல் படிச்சவன்தான். ஆனா பஸ்ல வழி பூரா இதேதான் மண்டையில ஓடுச்சு. உன்னைத் தொட்டுப் பார்த்துட்டு "இவளைத் தெரியாது"ன்னு சொல்றது என் செல்தானே? நானும் அஞ்சு வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வேலை பார்க்கிற இடத்துல கூடப்பிறந்தவங்க யாருன்னு கேட்டா, யாரும் இல்லைன்னு.

— கேள்விப்பட்டேன்.

— யாரு சொன்னா?

— அது எதுக்கு இப்ப? முகக்கவசத்தை இறக்காதே, மூக்கைத் துடைக்கணும்னா வெளியே போய்த் துடைச்சுட்டு வா.

— துடைக்க ஒண்ணும் இல்லை. அக்கா, அதைத் திருப்பி எடுக்க முடியுமான்னு கேட்டியா? அதே மிஷின்ல உன்னைப் படுக்க வச்சு, என் செல்லை மட்டும் வடிகட்டி வெளியே எடுத்துட்டா?

— எடுத்துட்டா எனக்குள்ள ரத்தம் ஊற வழியே கிடையாது. உன்னுது மட்டும்தான் ஊறுது.

— அப்ப நான் என்னதான் பண்ணணும்? டாக்டர்கிட்ட சண்டை போடணுமா, கெஞ்சணுமா, இங்கேயே உட்கார்ந்து உனக்கு ஐஸ் எடுத்துக் கொடுக்கணுமா? எதுவும் பிடிபட மாட்டேங்குது. உன்மேல கோபமா இருந்தப்பகூட நான் இப்படிக் குழம்பினதில்லை.

— என்னைப் பாரு. ஜன்னலைப் பார்த்துக்கிட்டுப் பேசினா எனக்குச் சொல்ல வராது. மாமா தானா உனக்குப் போன் போடலை. நான்தான் போடச் சொன்னேன். அடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, மீதியை நேர்ல நானே சொல்லிக்கிறேன்னு சொன்னேன்.

— மீதியா? இதுக்கு மேலயும் மீதி இருக்கா?

— மாத்திரையை நிறுத்தினதே உன் செல் அடிக்கணும்னுதான். தோலைத் தொட்டு அடிக்குதுன்னா, எலும்புக்குள்ள இருக்கிறதையும் தேடிப் பிடிச்சுத் தொடும்னு டாக்டருக்கு ஒரு நம்பிக்கை. அதான் அந்தச் சிரிப்பு.

— எலும்புக்குள்ள என்ன இருக்கு? அதான் எல்லாத்தையும் ஒழிச்சாச்சே.

— பழைய நோய் திரும்பி வந்துடுச்சுடா. உள்ள இருக்கிற உன் செல்லு போதாதாம், இன்னும் கொஞ்சம் கொடுப்பியா?