ஒரு கோடும் இல்லாத கார்

கறுப்புக் காரை நிழலில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், சார். உச்சி வெயிலில் நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும். துடைத்த துணி போன தடமெல்லாம் சிலந்தி வலை மாதிரி தெரியும். அதைப் பார்க்கத்தான் அன்றைக்கு வண்டியை வெளியே எடுத்தேன்.

கார் பட்டாசு முதலாளி காளிராஜ் அண்ணாச்சியுடையது. இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். மறுநாள் இருக்கன்குடி கோவிலில் வண்டிக்குப் பூஜை. திருத்தங்கலில் என் பட்டறையில் நான்கு நாள் பாலிஷ் போட்டேன். மிஷினைக் கொஞ்சம் அழுத்திவிட்டாலும் பெயிண்ட் வெந்துபோகும்.

"முனியராஜ், ஒரு கோடு தெரிஞ்சாலும் இந்த ஊர்ல நீ கடை நடத்த முடியாது" என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னால் செய்துவிடுவார்.

ஏழாயிரம்பண்ணை ரோட்டில் மதியம் ஆள் நடமாட்டம் இருக்காது. ஓட்டும்போதே பானெட்டில் லேசாக ஒரு பாலிஷ் வட்டம் தெரிந்தது. என் கண் அதில்தான் இருந்தது, ரோட்டில் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

குறுக்கே வந்தது முருகம்மாள். என் மனைவி பானுப்பிரியாவோடு ஒரே கம்பெனியில் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவள். உடம்பெல்லாம் வெள்ளிப்பொடி. வண்டி இடித்ததும் பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றி, அப்படியே சரிந்து ரோட்டோரம் விழுந்தாள்.

"பானு வீட்டுக்காரருதான? அண்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். தெளிவாகத்தான் பேசினாள். பெரிய அடி இல்லை என்று நினைத்தேன்.

வண்டியில் ஒரே ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. அவளுக்குக் கொடுக்கத்தான் எடுத்தேன். அப்போதுதான் பானெட்டைப் பார்த்தேன். பத்து விரலும் வெள்ளிப்பொடியில் அப்படியே பதிந்திருந்தன. அது உலோகப் பொடி, சார். வியர்வையோடு வெயிலில் காய்ந்தால் பெயிண்டைக் கடித்துக்கொள்ளும். வெறும் துணியால் துடைத்தால் கோடு விழும். தண்ணீர் ஊற்றித்தான் மிதக்கவிட்டு எடுக்க வேண்டும்.

"கொஞ்சம் பொறுங்க, இந்தா வந்துட்டேன்" என்றேன்.

பாட்டிலைத் திறந்து பானெட்டில் ஊற்றினேன். பழகிய வேலையைக் கை அது பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்தேன். அவள் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை. தாகம் அடங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அது வெள்ளைத் தோல் சீட். அவளை விட்டுவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் கம்பெனி வேன்காரர் பார்க்கும்போது உயிர் இல்லையாம். மறுநாள் பூஜை நல்லபடியாக நடந்தது. அண்ணாச்சி காரை வெயிலில் நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கோடு இல்லை.

பானு இப்போது என்னோடு பேசுவதில்லை. எனக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தண்ணீர் கேட்டவளுக்கு இல்லை என்று சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள். அந்த பாட்டில் உங்களிடம்தானே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பாதித் தண்ணீர் அப்படியே இருக்கும். அது அவளுக்கென்று நான் மிச்சம் வைத்தது.