எனக்கு மட்டும் ஒரு ஹாரன்

ஆம்பூரில் ஷூ கம்பெனி விட்ட நேரம். பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"லாரி இனிமே டிரைவர் இல்லாம தானா ஓடுமாம்க்கா. உங்க வீட்டுக்காரரு இன்னா பண்ணுவாரு?"

"அவரு எதனா பண்ணிக்குவாரு. எனக்கு ஹாரன் யாரு அடிப்பா?"

"இன்னா ஹாரனு?"

"தோல் லோடு ஏத்திக்கினு எங்க ஊர் வழியாத்தான் போவாரு. நிறுத்த முடியாது. ரெண்டு சின்னதா, ஒண்ணு நீளமா அடிப்பாரு. 'நான் சாப்ட்டேன், நீயும் சாப்டு'ன்னு அர்த்தம். எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"அதான் போன் இருக்கே?"

"போன்ல புள்ளைங்க, மாமியா எல்லாரும் பேசுவாங்க. ஹாரன் எனக்கு மட்டும்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அவராக்கா?"

"இல்ல. அது சும்மா வழி கேக்குது."