கைவிட மாட்டார்னுதான் சொன்னேன்

ஹலோ... வார்டு சிஸ்டருங்களா?... பதினாலாம் நம்பர் கட்டில்ல இருக்காருல்ல, அவரோட சின்ன மகன் பேசுறேன். குட்டின்னு சொன்னா அம்மாவுக்குத் தெரியும்... இல்லைங்க, பேச்சுதான் சின்னப் பையன் மாதிரி, இருபத்திமூணு வயசாகுது... வெளிநாட்டுல, சலவைக் கம்பெனியில... ஆமா, ஆமா, லீவு கிடைக்கலங்க. காலையிலேர்ந்து அம்மா போன எடுக்கல. கொஞ்சம் குடுக்குறீங்களா?... இருக்கேன், லைன்லயே இருக்கேன்...

அம்மா? ஏம்மா எடுக்கல?... நான் எழுதினேனா? நேத்தா?... எங்க, எழுத்துக்கூட்டிப் படி... "கடவுள் நம்மள கைவிட்டார்"... ஐயோ!

அம்மா, அழாத. கேளு... கேளும்மா! கையில ரப்பர் கையுறை, கழட்ட நேரமில்ல. வாயால சொன்னேன், போனே எழுதிக்கிச்சு. கைவிட மாட்டார்னுதான் சொன்னேன். மாட்டார்! அத முழுங்கிருச்சு... படிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன்... ஆமா, ஆமா, என் தப்புதான். வாயில கூழாங்கல்லப் போட்டுக்கிட்டுப் பேசுறான்னு அப்பா திட்டுவாருல்ல? சரியாத்தான் திட்டியிருக்காரு... சிரிச்சியா?... இல்லையா... சரி.

டாக்டர் என்ன சொன்னாரு?... ம்... ம்... ஒண்ணும் செய்றதுக்கில்லன்னா... இன்னிக்கேவா?...

நேத்திலேர்ந்து நீ கும்பிடவே இல்லயா?... என்னத்தச் சொல்ல. நானும் கடவுள்கிட்ட சண்ட போட்டேம்மா. இங்க துணி காய வைக்கிற மெசினுக்குப் பின்னாடி ஒரு சந்து. சூடு தாங்காது, யாரும் வரமாட்டாங்க. அந்த இரைச்சல்ல நின்னு வாய்விட்டுக் கத்தினேன், 'எங்கப்பாவ ஏன் இப்படிப் பண்ற நீ?'ன்னு... பதிலா? பதிலெல்லாம் வரல. ஆனா கத்தி முடிச்சதும்... எப்படிச் சொல்ல, யாரோ பொறுமையா நின்னு கேட்டுக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு... அவ்ளோதான். அத வச்சுத்தான் நாள ஓட்டுறேன்... இல்லம்மா, பொழைக்க வச்சிருவாருன்னு சொல்லல. விட்டுட்டுப் போகமாட்டாரு, அதான் சொல்றேன்.

சாப்ட்டேன்... சத்தியமா. நீ மொதல்ல தண்ணி குடி.

என்னம்மா?... என்ன சத்தம் அது?... மூச்சா?... பதறாத, சிஸ்டரக் கூப்பிடு. போன அப்பா காதுகிட்ட வை. வைம்மா!

அப்பா... குட்டி பேசுறேன். நிறுத்தி நிறுத்திப் பேசுறேன், கேக்குதா? பயப்படாதீங்க. நீங்க தனியாப் போகல. ஆண்டவா, எங்கப்பா கையப் புடிச்சுக்க. என்னால வரமுடியல, நீ புடிச்சுக்க. விட்றாத... அப்பா... அப்பா...

...ஹலோ?... சிஸ்டரா?... எப்ப?... நான் பேசிக்கிட்டிருக்கும்போதேவா?... கேட்டிருக்குமா அவருக்கு?... சரிங்க... ஆமா... சரிங்க... அம்மாகிட்ட ஒரு நிமிஷம்... ஹலோ? ஹலோ?...

கட்டாயிருச்சு... திரும்பக் கிடைக்கவும் மாட்டேங்குது... குடும்பக் குரூப்புல போட்டுர்றேன்.

"அப்பா போயிட்டாரு. இத யாரு பாத்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அம்மா தனியா இருக்காங்க. ஆறுதல் ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா பக்கத்துல உக்காருங்க."