இரண்டு தட்டு

"எம்.எம்.ஏ.ன்னா என்னது அண்ணாச்சி? கராத்தே மாதிரியா?"

"கராத்தேல பெல்ட் குடுப்பாங்க. இங்க ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அப்பம் எதுக்கு எல்லாரும் வாராவ?"

"ஒதை வாங்கறதுக்கு."

அவன் சிரித்தான். மாசானம் எதற்கும் சிரிப்பான், இன்ஸ்பெக்டர் மேடம். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவன். நானும் அவனும் தகடு அடிக்கிற ஒரே பிரஸ் ஷாப், ஒரே லைன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மண்ணூர் தகர ஷெட்டில் நான் நடத்துகிற வகுப்பில் சேர அன்றைக்குத்தான் வந்து நின்றான். வாக்குமூலத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்கிறீர்கள். ஆனால் இந்தச் சண்டை என்னவென்று தெரியாமல் எழுதினால், நான் செய்ததைத் தப்பாகத்தான் எழுதுவீர்கள்.

எம்.எம்.ஏ. என்பது பல சண்டை முறைகளின் கலவை. இதில் எட்ட நின்று அடிப்பது ஒரு வகை. குத்துச்சண்டைக்காரனுக்குக் கை மட்டும்தான்; தாய்லாந்துக்காரர்களின் முய் தாய் படித்தவன் முழங்காலையும் முழங்கையையும் சேர்த்துக்கொள்வான். என்னிடம் வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதைத்தான் கேட்பார்கள், போனில் பார்த்துவிட்டு. மாரிராஜ் என்று ஒருவன். ஜிம்மில் வளர்த்த புஜம். எதிரே கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே குத்துவான். அடுத்தது கட்டிப் பிடித்துக் கீழே சாய்ப்பது, மல்யுத்தம். கபடி ஆடிய பையன்கள் இதில் கொஞ்சம் தேறுவார்கள். ஆனால் சாய்த்த உடனே பாயிண்ட் கிடைத்துவிட்டதுபோல் எழுந்து நின்றுவிடுவார்கள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று அவர்கள் மண்டையில் ஏறாது.

தரைச் சண்டைக்கு ஜியு-ஜிட்சு என்று பெயர். அங்கே பலம் பேசாது. எதிராளியின் கை எதுவரை மடங்கும், கழுத்து எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்தவன் ஜெயிப்பான். தரைக்கு வந்த பிறகுதான் ஒருவன் யார் என்பது தெரியும். பெரும்பாலும், ஒருவருமே இல்லை என்பது தெரியும்.

அங்கே ஒரே ஒரு சட்டம். தாங்க முடியாவிட்டால் எதிராளியின் உடம்பில் தட்ட வேண்டும். தட்டிய நொடியே விட வேண்டும்.

எங்கள் பிரஸ் ஷாப்பில் காதில் அடைப்பு வைத்துக்கொண்டு நிற்போம். பேசினால் கேட்காது. மெஷினுக்குள் தகட்டை வைத்தவன் கையை வெளியே எடுத்ததும் பக்கத்தில் இருப்பவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவான். கை வந்துவிட்டது, நீ ஓட்டு என்று அர்த்தம். அங்கே தட்டினால் ஓட்டு. இங்கே தட்டினால் விடு. மாசானத்துக்கு இந்த வித்தியாசம் ஒரு மாதம் ஆகியும் பிடிபடவில்லை. யாராவது அவனை நன்றாகப் பிடித்தால், பாராட்டுவதுபோல் தோளில் இரண்டு தட்டுவான். அவர்கள் விட்டுவிடுவார்கள். "ஏம்ணே விட்டீய? நல்லாத்தான பிடிச்சிருந்தீய!" என்று கேட்பான். ஷெட்டே சிரிக்கும். 'ஓட்டு மாசானம்' என்று பெயரே விழுந்துவிட்டது.

அவன் சண்டை கற்க வரவில்லை. என் தங்கை தென்றலுக்காக வந்தான். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் பழக்கமாம். அவளே சொன்னாள்.

"உன்னாண்ட கேக்கணும்னுதான் அவரு வராருண்ணா. ஒரு வாட்டி சிரிச்சுப் பேசேன்."

"கேக்கட்டும். வாய் கீதுல்ல?"

"உன் மூஞ்சியப் பாத்துக்கினு எவன் கேப்பான்? காபி வேணுமான்னு கேக்கறதுக்கே எனக்கு ஒதறுது."

அம்மா போனபோது தென்றலுக்கு ஒன்பது வயது. எனக்கு இருபது. தலை பின்னக் கற்றுக்கொண்டேன். அவள் முதல்முதலாக நைட் ஷிப்ட் போனபோது ஒரு மாதம் பைக்கில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். வந்த வரன்களை நான்தான் விசாரித்தேன். குன்றத்தூர்க்காரன் உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டினான். மறைமலை நகர்க்காரன் அவன் அம்மாவைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னான். இவர்களிடமா கொடுப்பது? நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மாசானம் எட்டு மாதம் அந்தக் கேள்வியை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்" என்பான். கேளு என்றால் தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த வாரம் கிளாஸ் உண்டுமா?" என்பான். இப்படிப்பட்டவனை எனக்குப் புரியவே இல்லை, மேடம். ஒரு வாக்கியம். அதைச் சொல்ல முடியாதவன் எதற்கு ஆம்பிளை என்று திரிய வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி வைத்துக்கொண்டே தென்றல் சொன்னாள். "இன்னிக்குக் கண்டிப்பா கேட்ருவாரு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணா. அவருக்கு ஊர்ப் பக்கமே வேல கெடச்சிருச்சு. கல்யாணம் முடிஞ்சதும் அங்க போயிருவோம்."

அன்றைக்கு அவனோடு பாயில் நானே இறங்கினேன். வழக்கமாக நான் இறங்குவதில்லை. பின்பக்கம் போய்க் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டேன். அவன் என் முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான். "ஓட்டுண்ணா, ஓட்டு!" என்று மாரிராஜ் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவனும் கிட்டே வரவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே மாசானத்துக்கு உயிர் போய்விட்டது என்றார்கள்.

கான்ஸ்டபிளிடம் நானும் அதையேதான் சொன்னேன். பழைய ஞாபகத்தில் ஓட்டு என்கிறான் என்று நினைத்துவிட்டேன் என்று. அவர் பரிதாபப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அது பொய். அதைத் திருத்தத்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன்.

அவன் அந்தத் தப்பை விட்டு ஏழு மாதமாகிறது. அன்றைக்குச் சரியாகத்தான் தட்டினான். முதலில் இரண்டு. பிறகு ஐந்து, ஆறு. கை ஓய்ந்ததும் காலால் தரையில் தட்டினான். கை முடியாதபோது காலால் தட்டலாம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பாடத்தை ஒழுங்காகப் படித்தவன் அந்த ஷெட்டில் அவன் ஒருவன்தான். ஒவ்வொரு தட்டும் எனக்குத் தெரிந்தது. திருமலையாகிய நான் தெரிந்தே விடவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கோழைக்கு என் தங்கையைக் கொடுக்க மனமில்லை என்று சொல்லலாம் என்றிருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பிடியில் என் வாய் அவன் காதை ஒட்டி இருக்கும். தரையில் தட்டிய காலும் நின்றது. தலை என் தோளில் சாய்ந்தது. இனி அவன் பதில் சொல்ல மாட்டான் என்று நிச்சயமான பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"மாசானம், தென்றலைக் கூட்டிக்கினு பூடாதடா. எனக்குன்னு வேற யாரு கீறாங்க?"