திம்பம் இறக்கம்

ஊத்துக்குளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும். மறுநாள்தான் முதன்முதலாக லாரி எடுக்கப் போகிறவர் என்று அவர்கள் பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் காலில் மாவுக்கட்டோடு இருந்த இளைஞன் திடீரென்று சொன்னான்:

“திம்பம் மலை எறக்கத்துல சாமிய நம்பாதீங்ண்ணா, கியர நம்புங்க.”

“கியர்ல எறங்குனா டீசல் கூடுதாம் தம்பி. நியூட்ரல்ல உடச் சொல்றாரு ஓனரு.”

“நம்ம ஓனரு எனக்கும் அதையேதானுங்க சொன்னாரு. பாதி எறக்கத்துல பிரேக் புடிக்கல. வண்டி உருண்டு, கூட வந்தவரு போயிட்டாரு. வேண்டாமுங்ண்ணா.”

“எங்க பனியன் கம்பெனிய மூடிட்டாங்களே. இத உட்டா வேற வேலை ஏதுங்க?”



“எந்த வண்டிங்ண்ணா குடுத்திருக்காங்க?”

“உங்க வண்டிதான் தம்பி. நசுங்குனத நிமித்தி, பெயிண்ட் அடிச்சு, பூசை போட்டு நிறுத்தியிருக்காங்க.”