தொடாமல் அளக்கவேண்டியது

வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு எந்த ரீவியும் கனகாலம் தாங்காது, தங்கச்சி. அதனால்தான் என் கடை ஓடியது. உங்கள் அண்ணா ஸ்ரீஸ்கந்தராசாவும் ஒரு பழுதான ரீவியோடுதான் முதலில் வந்தவர். பிறகு எங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு வந்தார். நல்ல பிள்ளை. அதை நான் யாரிடமும் மறுத்ததில்லை.

தான் படிப்பித்த தொழில்நுட்பக் கல்லூரியின் கண்காட்சிக்காக அந்தக் கம்பிச் சுருளை, கொயிலை, சுற்றினார். பிளாஸ்டிக் குழாயில் மெல்லிய செப்புக் கம்பி, உச்சியில் ஓர் அலுமினியக் கிண்ணம். கரண்ட் கொடுத்தால் பக்கத்தில் பிடித்த ரியூப் லைற் வயரில்லாமல் எரியும். அதைப் பார்த்து என் மனைவி கனகேஸ்வரி கைதட்டிச் சிரித்தாள்.

சுற்றிவளைப்பு நடந்த அன்று பொலிஸ் மாடியில் அதைக் கண்டது. இயக்கத்துக்குச் செய்தி அனுப்பும் மெசின் என்று இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம். இயக்கம் பேசும் அலைவரிசை இன்னது, இது அதில் வேலை செய்கிறதா என்று அளந்து சொல் என்றார். நான் றேடியோ திருத்துகிறவன், சிங்களமும் தெரிந்தவன். என்னை விட்டால் அங்கே வேறு ஆளில்லை.

இப்படியான கொயிலை அளக்கும்போது அலையை அளந்து காட்டும் ஸ்கோப்பின் தொடுமுனை, புரோப், அதில் படக்கூடாது. பட்டால் புரோப்பும் கொயிலின் ஒரு பகுதியாகிவிடும், அலைவரிசை இறங்கிவிடும். மிருதங்கத் தோலில் விரலை வைத்துக்கொண்டு சுருதி பார்ப்பது போலத்தான். கரண்டைக் குறைத்து, எட்டப் பிடித்து அளந்தேன். அளவு அவர் சொன்னதற்கு எவ்வளவோ மேலே நின்றது.

இது அந்த மெசின் இல்லையென்றால் கீழேயும் தேடுவோம், வீட்டுக்காரன் உன்னையும் கூட்டிப்போய் விசாரிப்போம் என்றார் இன்ஸ்பெக்டர். கீழே பின்னறையில் என் மகன் இருந்தான். வவுனியாவிலிருந்து வந்து பொலிஸ் பதிவில்லாமல் நின்றவன், பிடிபட்டால் உள்ளேதான். நான் என்ன செய்ய?

புரோப்பைக் கிண்ணத்தில் தொட்டேன். அளவு சரியாக அவர் சொன்ன இடத்துக்கு இறங்கியது.

"அண்ணை, தொடாதேங்கோ. தொட்டா அளவு இறங்கும், உங்களுக்குத் தெரியும்தானே. எட்டப் பிடியுங்கோ," என்றார் உங்கள் அண்ணா.

"மொகத கியன்னே?" என்ன சொல்கிறான் என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

தொடவேண்டாமாம் என்று சிங்களத்தில் சொன்னேன். பொய்யில்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஸ்கோப் காட்டிய அளவையும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தேன்.

உங்கள் அண்ணா என்னைத் திட்டவில்லை. ஜீப்பில் ஏற்றும்போதும் மிச்சத்தை நான் சொல்லுவேன் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

நீங்களும் அம்மாவும் ஒவ்வொரு தடுப்புக் காம்பாக ஏறி இறங்குகிறீர்கள். எங்கேயும் அவர் பெயர் இல்லையாம். எனக்கும் கவலைதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று கனகேஸ்வரி ஆறுதல் சொன்னாள். பிள்ளை பெற்றவன் வேறென்ன செய்வான் என்று நானும் எல்லோருக்கும் சொல்லி வந்தேன்.

ஆனால் நீங்கள் நேரில் வந்து கேட்கிறீர்கள். மகன் பின்மதிலால் குதித்துக் கடற்கரைப் பக்கம் ஓடித் தப்பியதை மாடி யன்னலால் நான் கண்டேன். கண்ட பிறகுதான் தொட்டேன்.